நோட்டாவா, சுயேச்சையா?

இப்போதைய எம்.எல்.ஏ. மறுபடி நிற்கிறார், எதிரே சொல்லும்படி ஆள் இல்லை. அப்படியொரு தேர்தல் வந்தால், அதிருப்தியில் இருப்பவர் எந்தப் பொத்தானை அழுத்துவது? காரைக்குடிப் பக்கம் டீக்கடையில் கேட்டால் பலர் சட்டென்று நோட்டா என்பார்கள்.

நோட்டா 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. அதற்கு முன், யாருக்கும் ஓட்டில்லை என்பவர் 49-ஓ என்ற தேர்தல் விதிப்படி வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும், ரகசியம் போய்விடும். அந்த வகையில் நல்ல மாற்றம்தான். ஆனால் சட்டமன்றத் தேர்தலில் நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், அடுத்து வந்த வேட்பாளர்தான் ஜெயித்தவர். டெபாசிட் கணக்கிலும் அது சேராது.

சுயேச்சைக்குப் போடும் ஓட்டு சேரும். செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால், பொதுப்பிரிவு வேட்பாளர் கட்டிய 10,000 ரூபாய் திரும்பக் கிடைக்கும். அடுத்த முறையும் நிற்கத் தெம்பு வரும்.

எங்கள் ஊருணியின் வரத்துக்கால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. செம்புறாங்கல் படிகள் கடைசிப் படி வரை காய்ந்து தெரிகின்றன. இதைப் பேச ஒருவர் துணிந்து நின்றால் என் ஓட்டு அவருக்குத்தான். அப்படி யாருமே இல்லையென்றால் மட்டும் நோட்டா. வீட்டிலேயே இருந்துவிட எனக்கு மனசு வராது.