இரண்டாவது சரணத்தைத் தூக்கணுமா? எந்த மென்பொருளில் எளிது?

பாட்டு முடிந்தது, பாடகர் பாடிவிட்டுப் போய்விட்டார், மிக்ஸிங்கும் பாதி ஆகிவிட்டது. அப்போதுதான் போன் வரும். "நல்லா வந்திருக்கு. ரெண்டாவது சரணம் மட்டும் வேண்டாம். அப்புறம், ரீல்ஸ் போட ஒரு நிமிஷத்துக்கு ஒண்ணு தனியா வெட்டிக் குடுத்துடுங்க."

இந்த 'மட்டும்' ஒரு ராத்திரியைத் தின்னும். எவ்வளவு தின்னும் என்பது, பாட்டை எந்த மென்பொருளில் பண்ணியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரே பாட்டை வைத்துப் பார்த்துவிடலாம்.

டெம்போ 96, அதாவது நிமிடத்துக்கு 96 பீட் (தட்டு). நாலு பீட் சேர்ந்தால் ஒரு பார். அப்படியென்றால் ஒரு பார் 2.5 வினாடி. முன்னிசை 8 பார், பல்லவி 16, இடையிசை 12, சரணம் 24, திரும்பப் பல்லவி 8, இரண்டாவது இடையிசை 12, இரண்டாவது சரணம் 24, கடைசிப் பல்லவி 16. மொத்தம் 120 பார், ஐந்து நிமிடம். இரண்டாவது சரணம் போனால் அதன் இடையிசையும் போக வேண்டும், நடுவில் இருக்கும் 8 பார் பல்லவியும் போக வேண்டும். இல்லையென்றால் பல்லவியும் பல்லவியும் முட்டிக்கொள்ளும். 44 பார் கழிந்தால் மீதி 3 நிமிடம் 10 வினாடி. ஒரு நிமிட வடிவத்துக்கு 24 பார்: முன்னிசையில் 4, பல்லவியில் 8, சரணத்தின் வால் 4, மறுபடி பல்லவி 8.

முதல் தடவை இந்த வேலையை நான் கையாலேயே செய்தேன். எல்லா டிராக்கையும் (ஒவ்வொரு குரலும் வாத்தியமும் தனித்தனியாகப் பதிவான வரிசை) தேர்ந்தெடுத்து வெட்டி, பின்னால் இருந்ததை முன்னால் இழுத்து ஒட்டினேன். மறைத்து வைத்திருந்த கோரஸ் டிராக் ஒன்று தேர்வில் வரவில்லை. பாட்டு முடிந்து 70 வினாடி கழித்து நாலு பேர் தனியாக வந்து பல்லவி பாடினார்கள். அதை அப்படியே அனுப்பியும் விட்டேன்.

பாட்டை ஒரு பகுதியாகவே புரிந்துகொண்டு, எல்லா டிராக்கையும் சேர்த்துத் தூக்கும் வசதி வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது. இதைத் தருகிற மென்பொருள்கள் மூன்று வழியில் போகின்றன. சில, பகுதியை உண்மையிலேயே இடம் மாற்றுகின்றன. சில, பாட்டைத் தொடாமல் வாசிக்கும் வரிசையை மட்டும் எழுதிக்கொள்கின்றன. இன்னும் சில, பாட்டை முதலிலிருந்தே கட்டம் கட்டமாக வைத்திருக்கின்றன.

வரிசை எழுதுவதில் க்யூபேஸ்தான் மூத்தது. எஸ்.எக்ஸ் 3 என்ற பழைய பதிப்பின் காலத்தில் 'ப்ளே ஆர்டர்' என்று வந்தது, இன்று அரேஞ்சர் டிராக். மேலே ஒரு டிராக்கில் பல்லவி, சரணம் என்று கட்டங்களை வரைகிறோம். பக்கத்தில் ஒரு பட்டியல். எது முதலில், எத்தனை தடவை என்று அதில் அடுக்குகிறோம். பாட்டு அந்த வரிசையில் தாவித் தாவி ஓடும், ஆனால் அசல் டிராக்குகள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்காது. ஒரே ப்ராஜெக்ட்டில் இப்படிப் பல வரிசைகளை வைத்துக்கொள்ளலாம்: முழுப் பாட்டு, குறும் பாட்டு, ஒரு நிமிடப் பாட்டு. பிடித்த வரிசையை 'ஃப்ளாட்டன்' செய்தால் அது நிஜமான பாட்டாகிவிடும், வேண்டுமானால் புது ப்ராஜெக்ட்டாகவே. போன் செய்தவர் நாளைக்கு மறுபடி மனம் மாறினாலும் கவலையில்லை. மாறாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஸ்டுடியோ ஒன் இதே பெயரில் 2015-இல், மூன்றாம் பதிப்பில், ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் வேலை வேறு. இங்கே கட்டத்தை இழுத்தால் அதன் கீழே உள்ள அத்தனையும் கூடவே வரும். மற்ற பகுதிகள் ஒதுங்கி வழிவிடும். நீக்கினால் இடைவெளி மூடிக்கொள்ளும். நம் 44 பார் வேலை இதில் அரை நிமிடம். கண்ணுக்கு முன்னால் பாட்டு மாறுவதால் புதிதாக வருபவருக்கு இதுதான் சட்டென்று பிடிபடும். நிஜமாகவே மாறிவிடுகிறதே என்ற பயத்துக்கு மருந்து ஸ்க்ராட்ச் பேட்: அதே பாட்டுக்குள், அதே மிக்ஸரோடு, பக்கத்தில் இன்னொரு காலக்கோடு. அந்த 24 பாரை அங்கே வெட்டி ஒட்டிப் பார்க்கலாம், அசலைத் தொடாமல். சமையலில் உப்பு பார்க்க ஒரு கரண்டி தனியாக எடுப்பதுபோல.

லாஜிக் ப்ரோ ஆப்பிள் கருவிகளில் மட்டும்தான் ஓடும். இந்த வசதிக்கு அங்கே அரேஞ்ச்மென்ட் மார்க்கர் என்று பெயர். பிளஸ் குறியை அழுத்தினால் 8 பார் கட்டம் விழுகிறது. இன்ட்ரோ, வெர்ஸ், கோரஸ் என்று அது தரும் பெயர்கள் நமக்குப் பொருந்தாது, அனுபல்லவி என்று நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். இழுத்தால் நகர்கிறது, அழகாக நகர்கிறது. க்யூபேஸின் பட்டியலோ ஸ்க்ராட்ச் பேடோ இதில் இல்லை. ப்ராஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் என்று இன்னொரு வடிவத்தைச் சேமிக்கலாம்; ஆனால் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்க, ஒவ்வொரு தடவையும் ப்ராஜெக்ட் திறந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் காது முதல் வடிவத்தை மறந்துவிடுகிறது.

காசு பார்ப்பவர்களுக்கு ரீப்பர். 60 நாள் சோதித்துப் பார்க்கலாம், சிறு பயனர் உரிமம் 60 டாலர். பகுதியைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டும் ஆர்-உம் அழுத்தினால் 'ரீஜன்'. அதை இழுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் நகரும், கன்ட்ரோலோடு இழுத்தால் நகல். எஸ்.டபிள்யூ.எஸ் என்ற இலவச இணைப்பைப் போட்டுக்கொண்டால் ரீஜன் ப்ளேலிஸ்ட் கிடைக்கும்; க்யூபேஸ் செய்வதில் முக்கால்வாசி இதிலும் நடக்கும். அழகை எதிர்பார்க்காதீர்கள்.

ஏபிள்டன் லைவ் வேறு வீடு. செஷன் வியூவில் ஒவ்வொரு வரிசையும் ஒரு 'சீன்'. பல்லவி ஒரு வரிசை, சரணம் ஒரு வரிசை. வேண்டியதை அழுத்தி வாசித்தபடியே பதிவு செய்தால் அது அரேஞ்ச்மென்ட் வியூவில் பாட்டாக விழும். லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டில்) கட்டும் பாட்டுக்கு இதைவிடச் சுகம் கிடையாது. ஆனால் நம் பாட்டு ஏற்கெனவே நேர்க்கோட்டில் பாடி முடித்தது. அதற்கு அரேஞ்ச்மென்ட் வியூவில் 'கட் டைம்', 'டூப்ளிகேட் டைம்' உண்டு. எல்லா டிராக்கிலும் சேர்த்து நேரத்தையே வெட்டும், கோரஸ் தப்பிப் போகாது. பகுதிகளுக்கென்று பெயர் போட்ட கட்டம் இல்லை, அவ்வளவே.

எஃப்எல் ஸ்டுடியோவில் 2018-இன் 20-ஆம் பதிப்பிலிருந்து ஒரே ப்ராஜெக்ட்டில் பல அரேஞ்ச்மென்ட்கள் வைக்கலாம். பேட்டர்னை (பல இடங்களில் எடுத்துப் போடும் சிறு இசைத்துண்டை) ஓரிடத்தில் திருத்தினால் அது வரும் எல்லா இடத்திலும் மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கடைசிப் பல்லவியில் மட்டும் தபலாவைக் கூட்ட, முதலில் 'மேக் யுனிக்' கொடுத்து அதைத் தனி நகலாக்க வேண்டும். புரோ டூல்ஸ்காரர்கள், வெட்டிய இடைவெளி தானே மூடிக்கொள்ளும் ஷஃபிள் மோடில் பழகிய கையோடு வெட்டுகிறார்கள், அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

இதுவரை சொன்னது எந்தத் தயாரிப்புப் பக்கத்திலும் கிடைக்கும். தலைவலி இருப்பது தையலில், அதாவது பகுதியும் பகுதியும் ஒட்டும் இடத்தில். நம் பாட்டுகளில் பல்லவி எப்போதும் சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) எடுப்பதில்லை. அதீத எடுப்பு என்றால் பாடகர் பாருக்கு முந்தைய பீட்டிலேயே முதல் சொல்லைத் தொடங்கிவிடுவார். கட்டத்தைப் பார் கோட்டில் வெட்டினால், அந்த முதல் சொல் முந்தைய பகுதியோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். இரண்டாவது சரணத்தை நீக்கும்போது, அதன் கடைசி பீட்டில் இருந்த பல்லவியின் முதல் சொல்லும் சேர்ந்து காணாமல் போகும்.

இதற்கு நான் கண்ட வழி: எல்லாக் கட்டங்களின் எல்லையையும் ஒரே அளவாக ஒரு பீட் முன்னால் தள்ளி வைப்பது. ஒன்றைக்கூட விடக் கூடாது. நீளம் எல்லாம் முழு பாராகவே இருக்கும், எதை எங்கே போட்டாலும் தாளம் தப்பாது, எடுப்பும் பல்லவியோடு பயணிக்கும். க்யூபேஸ், ஸ்டுடியோ ஒன், ரீப்பர் மூன்றிலும் இது நடக்கிறது. லைவின் சீன்களில் கஷ்டம். அங்கே வழக்கமான அமைப்பில் கிளிப் பாரின் தொடக்கத்தில்தான் கிளம்பும், எடுப்பை முந்தைய சீனின் வாலில் வைக்க வேண்டியிருக்கும். அப்புறம் அந்தச் சீனுக்குப் பின்னால் பல்லவியைத் தவிர வேறெதுவும் போட முடியாது.

இடையிசையின் கடைசிப் புல்லாங்குழல் சுரம் எல்லையைத் தாண்டி இழுத்தால் வெட்டுப்படும். ஆடியோ என்றால் கிளிப்பின் ஓரத்தை இழுத்து நீட்டி ஃபேட் கொடுத்துவிடலாம். மிடியில்தான் (ஒலியாக இல்லாமல், எந்தச் சுரம், எப்போது என்ற குறிப்பாகப் பதிவது) கவனம் வேண்டும்: பெடலை அழுத்தியது இந்தப் பக்கம், விட்டது அந்தப் பக்கம் என்று பிரிந்துபோனால், ஸ்ட்ரிங்ஸ் கடைசிவரை அலறிக்கொண்டே இருக்கும்.

ஆக, மனம் மாறும் ஆட்களோடு வேலை செய்கிறீர்கள் என்றால் என் ஓட்டு க்யூபேஸுக்கு. நீங்களே எழுதி நீங்களே இசையமைத்து, பாட்டு எப்படிப் போக வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் ஸ்டுடியோ ஒன். நான் போன் வரும் கட்சி. அந்த ஐந்து நிமிடப் பாட்டுக்கு இப்போது நாலு வரிசை இருக்கிறது. நாலாவதில் இரண்டாவது சரணம் திரும்ப வந்துவிட்டது.