ஹைஃபை ரேக்: டிவி கன்சோலா, ஐக்கியா மேசையா, ஆயிரம் வெள்ளி ரேக்கா?

ஹைஃபை கருவிகளை அடுக்கி வைக்கும் ரேக்கால் ஒலி மாறுமா என்று யாராவது கேட்டால், அதன் மேல் என்ன வைக்கப்போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் என்றால் மாறும். சில வீடுகளில் அந்த மாற்றம் நன்றாகவே காதில் விழும். இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரும் மட்டும் என்றால் ரேக்குக்குக் கொடுக்கும் பணம் கண்ணுக்குத்தான், காதுக்கு அல்ல.

இசைத்தட்டு முள்ளின் வேலையே அசைவை மின்சாரமாக்குவது. அந்த அசைவு தட்டின் பள்ளத்திலிருந்து வந்ததா, மேசையிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. இசைத்தட்டில் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, குறைத்துத்தான் வெட்டுகிறார்கள். அதைச் சரிசெய்ய, முள்ளின் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜ், 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸை ஏறக்குறைய 9 மடங்கு அதிகமாகப் பெருக்குகிறது. மேசை அதிர்வில் பெரும்பகுதி விழுவதும் அந்தத் தாழ்ந்த பகுதியில்தான். இதோடு முள்ளைத் தாங்கும் கையான டோன்ஆர்மும், அதன் முனையில் முள் பொருந்திய கார்ட்ரிட்ஜும் சேர்ந்து 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் தானாகவே ஆடும் இயல்புடையவை. ஸ்பீக்கர் மேசையை அசைக்க, மேசை முள்ளை அசைக்க, முள் மறுபடி ஸ்பீக்கரை அசைக்க, பேஸ் குழம்பிப்போகும். ஒலியை மேலும் கூட்டினால் ஊளையே கிளம்பிவிடும்.

மற்ற கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சிடி பிளேயரில் தவறு திருத்தும் முறை இருக்கிறது. தடத்தில் 2 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தரவு விட்டுப்போனாலும் முழுமையாக மீட்டுவிடும். டிஜிட்டல் தரவை ஒலிக்கான மின்சாரமாக்கும் டிஏசியில் சிலவகை செராமிக் கெபாசிட்டர்கள் அதிர்வுக்கு மின்னழுத்தம் தருவது உண்மை, ஆனால் வரவேற்பறை அதிர்வில் அது காதுக்கு எட்டும் அளவுக்கு வராது. கண்ணாடிக் குழாய் வால்வுகளால் பெருக்கும் வால்வு ஆம்ப்ளிஃபையர் கொஞ்சம் வேறு. 12ஏஎக்ஸ்7 போன்ற சிறு வால்வுகளில் சில, தட்டினால் ஸ்பீக்கரில் மணிபோல் ஒலிக்கும். அதற்கு வால்வை மாற்றுவதுதான் வழி.

சரி, டர்ன்டேபிளை எதன் மேல் வைப்பது? இங்கே சிங்கப்பூர் வீடுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ரேக் பற்றி நாம் படிக்கும் அறிவுரைகளில் பாதி, பிரிட்டனின் பழைய வீடுகளிலிருந்து வந்தவை. அங்கே மரச்சட்டத்தின் மேல் பலகைத் தரை. ஒருவர் நடந்தாலே முள் துள்ளும். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் காலுக்குக் கீழே கான்கிரீட். பிள்ளைகள் ஓடினாலும் தரை அவ்வளவாக அசையாது. நமக்குத் தொல்லை தருவது ஸ்பீக்கர். நான்கறை வீட்டு வரவேற்பறையில் அதை டர்ன்டேபிளிலிருந்து தள்ளி வைக்க இடம் கிடைப்பதில்லை.

அதனால்தான் டிவி கன்சோலை நான் கடைசி இடத்தில் வைக்கிறேன். மரத்தூள் பலகையில் செய்த, நீளமான, உள்ளே காலியான பெட்டி அது. இரு முனைகளிலும் ஸ்பீக்கர், நடுவில் டர்ன்டேபிள் என்று வைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. தவில் ஒலிக்கும்போது மேல்பலகையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு அடியும் கைக்கு வரும். கைக்கு வருவது முள்ளுக்கும் வரும். ஆனால் ஸ்பீக்கரைத் தனி ஸ்டாண்டுக்கு மாற்றிவிட்டால் இதே கன்சோல் ஓரளவு நன்றாகவே நடந்துகொள்ளும். ரேக் தேடி, ஹைஃபை கடைகள் உள்ள அடெல்ஃபி கட்டடம் முழுக்க அலைவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

ஐக்கியாவின் லாக் மேசையை ஹைஃபை உலகம் பல ஆண்டுகளாகக் கொண்டாடுகிறது. உள்ளே தேன்கூட்டு அட்டை நிரப்பியிருப்பதால் எடை குறைவு, விறைப்பு அதிகம். எடை குறைந்த மேசை அதிர்வைத் தேக்கி வைக்காது. ஸ்பிரிங்கில் தொங்கும் டர்ன்டேபிள்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். எட்கர் வில்சர் 1961இல் தன் ஏஆர் நிறுவனத்தின் டர்ன்டேபிளில் கொண்டுவந்த முறை அது. லின் நிறுவனத்தின் எல்பி12 டர்ன்டேபிளும் அந்த வழியில் வந்ததுதான். அவற்றுக்குத் தேவையான தடுப்பு உள்ளேயே இருக்கிறது. ஸ்பிரிங் இல்லாத வகையென்றால் லாக் மட்டும் போதாது.

ஆயிரம் வெள்ளிக்கு மேல் போகும் தனி ரேக்குகளில் எல்லாம் ஒன்றல்ல. கண்ணாடித் தட்டு வைத்த எஃகு ரேக்கை டர்ன்டேபிளுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். விரலால் சுண்டினால் கண்ணாடி கணகணவென்று நீளமாக ஒலிக்கும். தடித்த மூங்கில் அல்லது எம்டிஎஃப் (அழுத்திய மரநார்ப் பலகை) தட்டுகள் சட்டென்று அடங்கும். கூர்முனைக் கால்கள் அதிர்வைத் தடுக்கும் என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம். அவை ரேக்கை ஆடாமல் நிறுத்தும், தரையோடு இறுக்கிப் பிணைக்கும், அவ்வளவுதான். நல்ல ரேக்கில் உண்மையான லாபம் அதன் காற்றோட்டம். இங்குள்ள வெப்பத்தில் வால்வு ஆம்ப்ளிஃபையரை மூடிய அலமாரிக்குள் வைத்தால் அதன் ஆயுள் குறையும்.

சுவரில் மாட்டும் தட்டு பலகைத் தரை வீட்டுக்கு அருமையான தீர்வு. நமக்கு அவ்வளவு தேவையில்லை. புதிய வீடுகள் சிலவற்றில் உள்சுவர் எடை குறைந்த பலகைச்சுவர், பேஸ் வந்தால் அதுவே அதிரும். வீட்டுப் பாதுகாப்பறைச் சுவரில் துளையிடுவதற்குத் தனி விதிகள் உண்டு, அவற்றைப் பார்க்காமல் டிரில்லரை எடுக்காதீர்கள்.

என் தேர்வு இவை எதுவும் தனியாக அல்ல. இருக்கும் உறுதியான மேசை, அதன் மேல் கனமான கருங்கல் பலகை, அதற்கடியில் நன்றாக அமுங்கும் மென்மையான கால்கள். இதில் கணக்கு முக்கியம். எடை ஏற்றியதும் ஸ்பிரிங் 1 மில்லிமீட்டர் அமுங்கினால் அதன் இயல்பதிர்வு ஏறக்குறைய 16 ஹெர்ட்ஸ். 10 மில்லிமீட்டர் என்றால் 5 ஹெர்ட்ஸ். அந்த எண்ணின் 1.4 மடங்குக்கு மேலேதான் தடுப்பு தொடங்கும், அதற்குக் கீழே அதிர்வு குறையாது, கூடத்தான் செய்யும். மெல்லிய ரப்பர் வில்லைகள் ஏமாற்றுவது இதனால்தான். டோன்ஆர்மின் 8 முதல் 12 ஹெர்ட்ஸ் பகுதியிலேயே அவை அதிர்வைக் கூட்டிவிடக்கூடும். 10 மில்லிமீட்டராவது அமுங்கும் ஸ்பிரிங் கால்களை, எடைக்குப் பொருத்தமாகப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கும் முன்னும் பின்னும் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டு, நிற்கும் தட்டின் மேல் முள்ளை இறக்குங்கள். ஸ்ட்ரீமரிலிருந்து ஒரு பாட்டை வழக்கமான சத்தத்தில் ஸ்பீக்கரில் ஓடவிட்டு, ஃபோனோ ஸ்டேஜின் வெளியீட்டைக் கணினியில் பதிவு செய்யுங்கள். ஓடாத தட்டிலிருந்து எவ்வளவு பாட்டு பதிவாகியிருக்கிறதோ, அதில் மேசை வழியாக வருவதும் உண்டு, காற்று வழியாக முள்ளுக்கே வருவதும் உண்டு. அதே பாட்டு, அதே சத்தம், முள்ளும் ஸ்பீக்கரும் அதே இடம் என்று வைத்துக்கொண்டு மேசையை மட்டும் மாற்றுங்கள். பதிவின் அளவு குறையவில்லை என்றால், கடைக்காரர் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அந்த ரேக்குக்குப் பணம் கொடுக்காதீர்கள்.