உப்புக்காற்று அடிக்கும் வயலுக்கு வேளாண் சேவைகள்: இராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு மதிப்பீடு

தொண்டி முதல் சாயல்குடி வரை கடலை ஒட்டிய நிலத்தில் வெள்ளாமை வைப்பவருக்கு அரசுச் சேவைகள் பல உண்டு. வட்டாரத்துக்கு ஒரு வேளாண்மை விரிவாக்க மையம், இராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம், அதே வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையம், பரமக்குடியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், மண், நீர் பரிசோதனை, கையிலிருக்கும் உழவன் செயலி. இவற்றில் எது எதற்கு உதவும், எங்கே சறுக்கும் என்பதுதான் இந்த மதிப்பீடு.

முதலிடம் மண் பரிசோதனைக்குத்தான். விலை குறைவு, பலன் அதிகம். ஆனால் பெரும்பாலானோர் போவது விதைப்புக்கு முந்தைய வாரத்தில். இந்த மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஆவணி, புரட்டாசியிலேயே புழுதியில் நெல் விதைத்துவிடுகிறோம். முடிவு கைக்கு வரும்போது விதை மண்ணுக்குள் இருக்கும். மாசியில் அறுவடை முடிந்ததும் மாதிரி எடுத்துக் கொடுத்தால், கோடை உழவுக்கு முன்பே முடிவு எழுதிய மண்வள அட்டை வந்துவிடும். மண்ணைத் திருத்தப் போடும் ஜிப்சம் தேவையா, எவ்வளவு என்று முடிவெடுக்க அவகாசமும் கிடைக்கும்.

மாதிரி எடுப்பதில் சொல்லித்தர வேண்டியது நிறைய. வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம், அண்மையில் உரம் போட்ட இடம் எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழக் குழி வெட்டி, பக்கவாட்டில் ஒரே கனத்துக்குச் சீவி எடுக்கணும். ஒரு வயலுக்குப் பத்துப் பதினைந்து இடம். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர் பாகங்களைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட வேண்டும். பழைய உரச்சாக்கில் போட்டால் ஒட்டியிருக்கும் உரமே மண்ணின் சத்தாகக் கணக்கில் ஏறிவிடும். நுண்சத்தும் பார்க்க வேண்டுமென்றால் இரும்பு மண்வெட்டி ஆகாது, மரக்குச்சியோ பிளாஸ்டிக் கரண்டியோ போதும். வயலில் வெள்ளை பூத்த திட்டு இருந்தால் அதைத் தனி மாதிரியாக எடுங்கள். நல்ல பகுதியோடு கலந்தால் இரண்டுக்கும் பொருந்தாத சராசரிதான் கிடைக்கும்.

அட்டையைப் படிப்பதில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. 'உப்பு' என்ற ஒரே சொல்லில் உவர் மண்ணையும் களர் மண்ணையும் சேர்த்துப் பேசிவிடுகிறோம். கரையும் உப்பு மிகுந்து, அதைக் காட்டும் மின் கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமன்ஸைத் தாண்டி, கார அமில நிலை (pH) 8.5-க்குக் கீழ் நின்றால் அது உவர். மண் துகள்களில் சோடியம் ஏறி, கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் களர். ஜிப்சம் களருக்கு மருந்து. அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் துகளிலிருந்து பெயர்த்துவிடும். வெறும் உவர் மண்ணில் ஜிப்சம் கொட்டினால் காசு வீண், அங்கே வேலை செய்வது நல்ல தண்ணீர்தான். இரண்டும் சேர்ந்த நிலமும் கடற்கரையில் உண்டு. அங்கே ஜிப்சம் போடாமல் மழைநீரைக் கட்டிக் கழுவினால், உப்பு போன பிறகு சோடியம் மட்டும் தங்கி மண் கட்டிதட்டி இறுகிப்போகும். அங்கே முதலில் ஜிப்சம், பிறகு கழுவல்.

இன்னொன்று, யாரும் எடுத்துச் சொல்லாதது. 4 என்ற அந்த எல்லை, மண்ணைத் தண்ணீரில் குழைத்து அதிலிருந்து வடித்த நீரை அளப்பதற்கு உரியது. ஆய்வகங்களில் வழக்கமாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து அளக்கிறார்கள். நீர்த்திருப்பதால் எண் குறைவாகவே வரும். அட்டையில் 1.5 என்று பார்த்து '4-க்குக் கீழே, பரவாயில்லை' என்று விட்டுவிட்டால் முளைப்பில் அடி வாங்குவீர்கள். அந்த முறையில் 1-க்கு மேல் போனாலே உப்பைத் தாங்காத பயிர்களுக்கு எச்சரிக்கை, 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்கும் கேடு. எந்த முறையில் அளந்தது என்று கேட்டு அட்டையிலேயே எழுதி வாங்குங்கள்.

ஜிப்சம் போடும்போது பாத்தி சமமாக இருக்க வேண்டும், வரப்பு உறுதியாக நிற்க வேண்டும், வடிகால் வெட்டியிருக்க வேண்டும். மழைநீரை நான்கு அங்குலத்துக்குக் கட்டி, உழுது கலக்கி, ஓரிரு நாள் நின்றதும் வடித்துவிட்டு, மறுபடி கட்டி வடிக்க வேண்டும். மூன்று நான்கு முறையாவது. வடியும் தண்ணீர் கண்மாய்க்கோ பக்கத்து வயலுக்கோ போகக்கூடாது. நிலத்தடி உவர்நீர் ஒரு மீட்டருக்குள் நிற்கும் தாழ்வான நிலத்தில் இத்தனை செய்தும் கோடையில் உப்பு மேலேறி வரும். கோடை உழவு அந்த ஏற்றத்தை ஓரளவு அறுக்கும். இதோடு பசுந்தாள் உரமாக ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழச் சொல்வார்கள். வாய்க்கால் பாசனத்துக்கு அருமையான பரிந்துரை. சித்திரை, வைகாசியில் கோடை மழை கிடைக்காத மானாவாரி வயலில் அது முளைக்கவே முளைக்காது. அப்படிப்பட்ட ஆண்டில் மட்கிய தொழுவுரத்தைத்தான் நம்ப வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர் பரிசோதனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசி, ஒரு லிட்டர் பிடித்து அன்றே கொடுக்கணும். தையில் ஒருமுறை, வைகாசியில் ஒருமுறை. மணல்மேட்டு நிலங்களில் நல்ல தண்ணீர் மெல்லிய படலமாக உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலே வரும். அந்த மாற்றம் வைகாசி எண்ணில் தெரியும். பண்ணைக்குட்டை வெட்டும்போதும் இதே எச்சரிக்கைதான். முதலில் ஒரு சோதனைக் குழி போட்டு உவர்நீர் எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு மேலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ரகத் தேர்வில் ஆராய்ச்சி நிலையங்களின் பங்கு மதிக்கத்தக்கது. பரமக்குடியில் உருவாகி 2009-இல் வெளிவந்த அண்ணா (ஆர்) 4, நூறு நாளை ஒட்டிய வயதுள்ள, வறட்சி தாங்கும் நெல். மழை முன்கூட்டியே நின்றுபோகும் நமக்கு அந்த வயதே பாதி காப்பீடு. திருச்சியில் உருவான டி.ஆர்.ஒய். நெல் ரகங்கள் களர் நிலத்துக்காகத் தேர்ந்தவை. கடலோர உவரில் அவை எப்படி நிற்கும் என்பதை உவர் ஆராய்ச்சி மையத்திலோ அறிவியல் நிலையத்திலோ கேட்டுவிட்டு முழு வயலுக்கும் போவது நல்லது. அறிவியல் நிலையங்கள் உழவர் வயலிலேயே சோதனைத் திடலும் முதல்நிலை செயல்விளக்கத் திடலும் அமைக்கின்றன. பயிற்சி வகுப்பை விட இவற்றுக்கே நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன், ஏனென்றால் அங்கே பக்கத்து வயலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வறட்சியைத் தாங்க விதையைப் பழக்கும் விதைக் கடினப்படுத்துதல் அதிகச் செலவில்லாத நுட்பம். 30 கிலோ நெல் விதைக்கு 30 லிட்டர் தண்ணீர், 300 கிராம் பொட்டாசியம் குளோரைடு. 16 மணி நேரம் ஊறியதும் நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்த வேண்டும். அசந்து முளை எட்டிப் பார்க்க விட்டால் காய்ந்த புழுதியில் அது செத்துவிடும். வெயிலில் காயப்போட்டாலும் பலன் போச்சு.

பூச்சி, நோய் ஆலோசனை இன்று பெரும்பாலும் வாட்ஸ்அப் படத்தில் நடக்கிறது. ஒரு உதவி வேளாண்மை அலுவலர் பல ஊர்களைச் சுமப்பதால் இது தவிர்க்க முடியாதது, ஆனாலும் ஆபத்தானது. முண்டு மிளகாயில் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். மருந்து வேறு வேறு. படத்தில் இது தெரியாமல் போனால் ஒரு தெளிப்பு வீணாகும். உப்புக்காற்றில் இலை நுனி கருகியதைக் கருகல் நோய் என்று எண்ணிப் பூஞ்சாணக்கொல்லி அடிப்பதும் நடக்கிறது. நோயுற்ற செடி ஒன்று, நல்ல செடி ஒன்று, இரண்டையும் வேரோடு, வேர் மண்ணோடு செய்தித்தாளில் சுற்றி நேரில் கொண்டு போங்கள். பாலித்தீன் பையில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும்.

இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விளைவிப்பவர் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்தால்தான் அந்தப் பெயரைச் சட்டப்படி சரக்கில் போட முடியும். இந்தப் பதிவுக்கு உதவுவது இப்போது விரிவாக்கத் துறையினர் செய்ய வேண்டிய முக்கியமான வேலை என்பேன். கூடவே உலர்த்தும் முறையும். மண்தரையிலும் சாலையோரத்திலும் காயும் பழத்தில் பூஞ்சை ஏறி அஃப்ளாடாக்சின் என்ற நச்சு உருவாகும், ஏற்றுமதிச் சரக்கு அங்கேயே நின்றுவிடும். சுத்தமான தார்ப்பாய் அல்லது சிமெண்டுக் களம், இரவில் மூடி வைப்பது, ஈரப்பதம் பத்து சதவீதத்தை ஒட்டி வந்ததும் மூட்டை பிடிப்பது, இவ்வளவுதான் வேண்டியது.

வானிலை ஆலோசனை அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது, ஐந்து நாள் முன்னறிவிப்போடு. மருந்து தெளிக்க, மேலுரம் போட, மிளகாய் காயப்போட இது போதும். புழுதி விதைப்பு நாளை இதை வைத்து முடிவு செய்ய முடியாது, ஐந்து நாள் அதற்குப் பத்தாது. உழவன் செயலியில் மானியப் பதிவும் விதை இருப்பும் பார்க்க முடியும். ஆனால் இருப்பைப் பார்த்ததோடு கிளம்பாமல் மையத்துக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொண்டு போங்கள். சந்தேகத்துக்கு உழவர் அழைப்பு மையத்தின் (கிசான் கால் சென்டர்) கட்டணமில்லா 1800-180-1551 எண்ணில் தமிழிலேயே பேசலாம். அழைக்கும் முன் பயிர், ரகம், விதைத்த நாள், கடைசியாக அடித்த மருந்தின் பெயரும் அளவும், மண் அட்டையிலுள்ள மின் கடத்தும் திறன், கார அமில நிலை என்ற இரண்டு எண்கள், எல்லாவற்றையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.