கார்ட் எழுத எழுத்தா, எண்ணா?

பாளையங்கோட்டைப் பக்கம் சர்ச் பாடகர் குழுவுக்கு கீபோர்டோ கிட்டாரோ வாசிக்கிறவர்கள், பாட்டு நோட்டில் வரிக்கு மேலே கார்ட் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எழுதுவது பெரும்பாலும் எழுத்தில்தான்: சி, ஏ மைனர், எஃப், ஜி. நானும் அப்படித்தான் எழுதிவந்தேன். இப்போது பாட்டின் ஆதார சுரத்தை 1 என்று வைத்து எண்ணி, 1, 6 மைனர், 4, 5 என்று எண்ணுக்கு மாறிவிட்டேன். பாடுகிறவர்களோடு சேர்ந்து வாசிப்பதென்றால் எண்தான் சரி.

எழுத்தில் யோசிக்க ஒன்றுமில்லை, டி மைனர் என்று பார்த்ததும் விரலை வைத்துவிடலாம். இணையத்தில் அதிகம் கிடைப்பதும் அதுதான். பின்னால் ஒட்டும் குறிகளை எந்த முறையிலும் படித்தே ஆகவேண்டும். சி செவனில் பி ஃபிளாட் வரும், சி மேஜர் செவனில் பி வரும். இதைக் குழப்பினால் பாட்டே கசந்துவிடும்.

விஷயம் சுருதியில் இருக்கிறது. அசனப் பண்டிகைக்கு (சபையார் சேர்ந்து உண்ணும் சர்ச் விழா) பயிற்சி சி-யில் நடக்கும், அன்று காலையில் பாடுகிறவருக்குத் தொண்டை கட்டியிருக்கும், இல்லை பெண்கள் எடுப்பதாக முடிவாகும். சி என்பது ஒரு கட்டைச் சுருதி. அதே நாலு கார்டும் இரண்டு கட்டையில் டி, பி மைனர், ஜி, ஏ. இரண்டரைக் கட்டையில் ஈ ஃபிளாட், சி மைனர், ஏ ஃபிளாட், பி ஃபிளாட். நாலு என்றால் மனசுக்குள் மாற்றலாம், ஒன்பது பத்து கார்ட் வரும் கீர்த்தனைக்கு என்ன செய்வது? எண் அப்படியே நிற்கும். கீபோர்டில் சுருதி மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டன், கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதி ஏற்றும் கேப்போ எல்லாம் இருக்கிறதே என்பார்கள். மூன்றாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டவர் சி என்று சொல்வது பேஸ் கிட்டார்காரருக்கு ஈ ஃபிளாட். ஆளுக்கொரு எழுத்து. 1 என்று சொல்லிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

1950களின் கடைசியில் அமெரிக்காவின் நாஷ்வில் ஸ்டுடியோக்களில் பாடகர் நீல் மேத்யூஸ் ஜூனியர் தொடங்கி, இசைக்கலைஞர் சார்லி மெக்காய் பரப்பிய முறை இது. ஆனால் கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசை பாடியவருக்கு இது புதிதில்லை, ச எங்கே இருந்தாலும் ச தானே. 1 என்றால் ச க ப, 4 என்றால் ம த ச, 5 என்றால் ப நி ரி.

நம்மூரில் ஒரே சிக்கல், கட்டைக்கும் எண். கட்டை எண் எப்போதும் ஒரே சுரத்தைக் காட்டும், கார்ட் எண் காட்டும் கார்ட் சுருதியோடு நகரும். நாலு கட்டைப் பாட்டில் 4 என்பது எஃப் இல்லை, பி ஃபிளாட். அதனால் சுருதியைச் சொல்லும்போது 'கட்டை' என்பதை விடாமல் சேர்த்துச் சொல்கிறோம், கார்டை விரலால் காட்டுகிறோம். அப்புறம், மைனர் பாட்டில் ஆதார கார்டை 6 மைனர் என்பதா 1 மைனர் என்பதா என்று முன்னாடியே பேசிக்கொள்ள வேண்டும். நாங்கள் 6 என்கிறோம்.

பாட்டுக்கு நடுவே சுருதி தாவும் சினிமாப் பாட்டுகளை நான் அதிகம் வாசித்ததில்லை. வாசித்த கொஞ்சத்தில் எழுத்துதான் எளிதாக இருந்தது. ஜாஸ் பக்கம் போனதே இல்லை.

மாறுவதென்றால் நோட்டு முழுவதையும் ஒரேயடியாக எடுக்க வேண்டாம், உங்கள் குழு அடிக்கடி சுருதி மாற்றிப் பாடும் பாட்டுகளை முதலில் எழுதிப் பாருங்கள்.