6.12-ஐ மூன்றால் வகுக்க எந்த வழி?

6.12 ÷ 3 என்று எழுதிப் போட்டால், சாயங்காலம் என்னிடம் டியூஷனுக்கு வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் யாராவது ஒருவர் 2.4 என்று நீட்டாமல் இருக்க மாட்டார். 6-ல் மூன்று இரண்டு தடவை. அடுத்த 1-ல் மூன்று போகாது, 2-ஐயும் இறக்கினால் 12, அதில் நாலு தடவை. போகாத இடத்துக்கு ஈவில் போட வேண்டிய சைபர் அம்போ. விடை 2.04.

இந்தக் கணக்கைப் பழக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. தொலைந்த சைபரை எது காட்டிக்கொடுக்கிறது என்பதுதான் என் உரைகல்.

பள்ளிக்கூட வழி, நீள் வகுத்தல். முழு எண்ணைப் போலவே வகுத்து, கீழே புள்ளி இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஈவிலும் புள்ளி. 3 ÷ 8 மாதிரி மீதி விழும் கணக்குக்கு இதுதான் கை கொடுக்கும்: 3.000 என்று சைபரைச் சேர்த்துக்கொண்டே போனால் 0.375-ல் மீதி தீர்ந்துவிடும். ஆனால் சைபரை விழுங்குவதும் இங்கேதான். கட்டம் போட்ட நோட்டில், கட்டத்துக்கு ஓர் இலக்கமாக எழுதவைத்தால் ஈவில் ஒரு கட்டம் காலியாக நிற்பது கண்ணில் படும்.

அடுத்தது, சின்ன அலகுக்கு மாற்றுவது. 6.12 மீட்டர் துணி என்றால் 612 செ.மீ.; மூன்றால் வகுத்தால் 204 செ.மீ. புள்ளித் தொல்லை இல்லை. இங்கேயும் சைபரை விட்டுவிட்டு 24 என்று எழுதும் பிள்ளை உண்டு. ஆனால் ஆறு மீட்டர் துணியை மூன்றாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடவா? சிரித்துக்கொண்டே அழித்துவிடும். 2.4 மீட்டர் என்ற தப்பு அப்படி முகத்தில் அடிக்காது.

ஒரு காலத்தில் இதற்கு ரூபாய், பைசாதான் எல்லோருக்கும் கைவந்த உதாரணம். 1957-ல் ஒரு ரூபாய் நூறு நயா பைசா ஆனது. 2011-ல் நாலணாவும் செல்லாமல் போனது. இன்றைய பிள்ளை பைசாவைப் பெட்ரோல் பங்க் விலைப் பலகையில் பார்த்தால் உண்டு. அதனால் நான் தையல் டேப்பைத்தான் எடுக்கிறேன்.

மூன்றாவது, வகுக்கும் எண்ணிலேயே புள்ளி இருந்தால் இரண்டு எண்ணிலும் புள்ளியைத் தள்ளுவது. 6 ÷ 0.25 என்பது 600 ÷ 25, அதாவது 24. இதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பக்கம் மட்டும் தள்ளி 6 ÷ 25 = 0.24 என்று எழுதிவிட்டு, 'வகுத்தால் குறையத்தானே செய்யும்' என்று நம்பிவிடுவார்கள். ஆறு லிட்டர் பாலில் கால் லிட்டர் பாக்கெட் எத்தனை என்று கேளுங்கள், தாளே தேவைப்படாது. 7.36 ÷ 0.32 என்று வந்தால் பால் கதை உதவாது. தள்ளித்தான் ஆக வேண்டும்.

என் வரிசை: முதலில் டேப், பிறகு கட்ட நோட்டு, புள்ளி தள்ளுவது கடைசி. நாளுக்கு இருபது கணக்கு வேண்டாம், ஐந்து போதும். ஆனால் ஒவ்வோர் ஈவையும் திரும்பப் பெருக்கிக் காட்ட வேண்டும். போன வாரம் 2.4-ஐ மூன்றால் பெருக்கிய பையன் நிமிர்ந்து பார்த்தான்: "மிஸ், துணி ஒரு மீட்டர் வளந்துடுச்சு!"