பதுளைத் தோசைக்கடை: ஒரு பண்டாரவளைக்காரியின் குறிப்பு

நான் பண்டாரவளைக்காரி; இலங்கை மலையகத்தில் பதுளைக்குப் பக்கத்து ஊர். பதுளையை மெச்சி எழுதுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. ஆனால் இந்தத் தோசைக்கடைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பதுளை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்து நிமிட நடை. பெயர்ப்பலகையில் எழுத்து அழிந்துபோய்விட்டது. 'தோசைக்கடை எங்கே' என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். ஆறு மேசை, கை கழுவ ஒரு தொட்டி, வாசலிலேயே தோசைக்கல்.

1997இல் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) டியூஷனுக்காகச் சனிக்கிழமைதோறும் கோச்சியில், அதாவது ரயிலில், பதுளைக்கு வருவேன். தெமோதரை ஸ்டேஷனை விட்டுப் புறப்படும் கோச்சி, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழையும். அந்த இடத்தில் குளிருக்குப் போட்ட ஜெர்சியைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவேன். பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேலே, பதுளை 700 மீற்றருக்கும் கீழே. மறந்துபோய் ஜெர்சியோடு இறங்கினால் பதுளைத் தோழி விடமாட்டாள். "ஐஸ்பெட்டியைத் திறந்து விட்டுட்டாங்களாடி?" என்பாள். "உங்க ஊர்ல ஃபேன் இல்லாம தூங்குவீங்களா?" என்று நானும் திருப்பிக் கொடுப்பேன். பாடம் முடிந்ததும் இருவரும் நேரே இந்தக் கடைக்குத்தான்.

தோசை என்று வந்துவிட்டால் நான் வாயைத் திறக்க முடியாது. எங்கள் வீட்டில் அம்மா மாவை அரைத்து, பானையைச் சாக்கால் சுற்றி அடுப்போரம் வைப்பார். டிசம்பர் குளிரில் விடிந்தாலும் அது அசையாமல் கிடக்கும். பதுளைச் சூட்டில் அதே மாவு ராத்திரியோடு பொங்கி நிற்கும்.

இப்போது கல்லடியில் நிற்பது பழைய முதலாளியின் மகன். கைவேலை மாறவில்லை. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுக் கல்லில் ஒரு தேய்ப்பு, ஒரு அகப்பை மாவு, இரண்டே சுற்று. பெரிதாக இழுக்க மாட்டார். கையகலத் தோசை, நடுவில் தடிப்பு, மேலெல்லாம் கண்கண்ணாகத் துளை, ஓரம் மட்டும் மொறுமொறுப்பு. சாம்பாரை ஊற்றினால் அந்தத் துளைகள் வழியாக உள்ளே இறங்கிவிடுகிறது. தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல்; காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் இடித்தது, தேசிக்காய் பிழிந்தது. நான் நான்கு தோசை சாப்பிட்டேன். வடையும் நன்றாகவே இருந்தது.

குறை ஒன்று உண்டு, தேத்தண்ணி. எங்கள் ஊவா மாகாணத் தேயிலையின் பேர்போன வாசம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை அடிக்கும் வரண்ட காற்றில் வருவது. அந்த மலைகளுக்கு நடுவில் கடை வைத்துக்கொண்டு இப்படிச் சாயத்தைக் கொதிக்கவைத்துப் பால்மாவைக் கரைத்துத் தருவது நியாயமே இல்லை. பிளேன்டீ கேளுங்கள், பரவாயில்லை. இதில் பண்டாரவளைதான் மேல், விட்டுக்கொடுக்க மாட்டேன்.

காசு கொடுக்கும்போது பையிலிருந்த ஜெர்சியை அவர் பார்த்துவிட்டார். "அக்கா மேல இருந்தா வர்றீங்க? அங்க மாவு பொங்குதா?" அவருடைய அப்பா கேட்ட அதே கேள்வி! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காலை எட்டரைக்குள் போய்விடுங்கள், பத்து மணிக்கெல்லாம் தோசை முடிந்துவிடுகிறது. மாவும் விற்கிறார்கள். ஒரு கிலோ வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் ஹாலிஎலவிலேயே பை உப்பத் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து பானையில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தேன். மறுநாள் காலையில் சுட்டால், புளிப்பு ஒரு சொட்டுக்கூட ஏறவில்லை.

தோழிக்குப் ஃபோன் போட்டுச் சொன்னேன்.

"மாவு எங்க ஊரு மாவுடி" என்றாள்.

"புளிக்காம வச்சிருந்தது எங்க குளிரு" என்றேன்.