கோடைப் பண்பலை 100.5: பழைய பாட்டுக்கு மோனோ போதும்

கோடைப் பண்பலை என்பது கோடைக்கானல் ஆகாஷ்வாணியின் (அகில இந்திய வானொலி) எஃப்.எம். நிலையம். அதன் டிரான்ஸ்மிட்டர் 10 கிலோவாட். அது வெகுதூரம் எட்டுவதற்கு வாட்டைவிட மலைதான் காரணம். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். சுமார் 7,000 அடி உயரத்திலிருந்து கிளம்பினால், குறுக்கே மலை இல்லாத சமவெளியில் 180 கி.மீ. வரைகூடத் தாக்குப்பிடிக்கும். மதுரை, திண்டுக்கல் தாண்டி திருச்சிப் பக்கமும் கேட்பது அதனால்தான். மலையடிவாரத்தை ஒட்டிய சில ஊர்களில் மட்டும் சரிவே மறைத்துவிடும். பக்கத்தில் இருந்தும் கரகரப்புதான்.

தூரத்து ஊர்களில் பெரிய தொல்லை 'உஸ்' இரைச்சல். பாதிப்பேர் இதற்கு ரேடியோவையே மாற்றிவிடுகிறார்கள், வீண் செலவு. சிக்னல் மெலிந்தால் முதலில் கெடுவது ஸ்டீரியோதான், அதாவது இடது வலது காதுக்குத் தனித்தனியாக வரும் ஒலி. இரண்டுக்கும் ஒரே ஒலி வந்தால் அது மோனோ. ஒரே ஸ்பீக்கரில் சுத்தமாகக் கேட்கும் செட், இயர்போன் செருகியதும் இரைவது இதனால்தான். செட்டில் மோனோ சுவிட்ச் இருந்தால் தட்டிவிடுங்கள், இரைச்சல் சட்டென்று அடங்கும். நஷ்டம் ஒன்றும் இல்லை: 70-களின் பிற்பகுதி வரை வந்த தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் மோனோவில் பதிவானதுதான். புதுப் பாட்டு கேட்கிறவர்களுக்குத்தான் இது விட்டுக்கொடுப்பு.

ஏரியலை முழுக்க இழுத்துவிடுவது எப்போதும் சரியல்ல. ஏரியலுக்கு ஏற்ற அளவு அலை நீளத்தில் கால் பங்கு, இந்த அலைவரிசைக்கு அது சுமார் 75 செ.மீ. ஏரியல் குட்டையாக இருந்தால் மொத்தம் அந்த அளவு வரும்படி ஒரு ஒயரை அதன் நுனியில் சுற்றிவிடலாம். நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பாருங்கள். மலையில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் மோதினால் 'ச', 'ஸ' எழுத்துகள் பிசிறடிக்கும். அப்போது செட்டை இரண்டடி நகர்த்தினாலே தெளிந்துவிடும். மலிவான எல்.இ.டி. பல்பும் மொபைல் சார்ஜரும் பக்கத்தில் இருந்தால் எதுவும் உதவாது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படும்.

சிக்னல் மெலிந்த இடத்தில் காரின் ஆட்டோ சர்ச் (தானாக நிலையம் தேடுவது) இந்த நிலையத்தைத் தாண்டிப் போய்விடலாம். 100.5-ஐக் கையால் வைத்துச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

நிகழ்ச்சியைப் பொறுத்தவரை, நாள் முழுக்கப் பழைய பாட்டு என்று நம்பி உட்கார வேண்டாம். செய்தி வரும், வேளாண்மை வரும், புதுப் பாட்டும் வரும். இடையில் வளவளவென்று பேசாத அறிவிப்பு இதன் பலம். சிக்னலே இல்லாத ஊரில், இணையம் வழியாகக் கேட்க நியூஸ் ஆன் ஏர் செயலி உண்டு. ஆனால் ஒலி சில விநாடி பிந்தி வரும், அதை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்யாதீர்கள்.